முக்கால் திருப்பிய குமிழ்

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற கடையில் வேலை பார்ப்பவனுக்கு எல்லாக் கல்யாணத்திலும் இலை உண்டு. ரசம் வரும்வரை அதன்முன் உட்கார்ந்திருக்கத்தான் கொடுத்து வைத்ததில்லை. மைக்கோடும் வால்வோடும் காலம் தள்ளுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பி.ஏ.யில் பௌதிகம் படித்துவிட்டு, மயிலாப்பூர் லஸ் அருகே நாயுடு ஒருவர் நடத்தும் கடையில் சேர்ந்தவன். அங்கே நடந்தவற்றில் சிலவற்றை எழுதுகிறேன். முதலாவதை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது எங்கள் மெக்கானிக் தாவூத் பாய் சொன்னது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அதில் ஏதாவது கூடிவிடும். எல்லாத் தடவையும் மாறாமல் வந்த பகுதியை மட்டும் தருகிறேன்.

மாம்பலத்து ரயில்

தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு கல்யாணம். பந்தல் மூங்கிலில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியவர்கள், அதன் வாயைத் தெருப்பக்கம் வைக்காமல் மேடையைப் பார்த்து வைத்துவிட்டார்கள். மேடையில் மைக். நாயனக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தம் மைக்கில் விழுந்து, சத்தத்தைப் பெருக்கும் பெட்டியான செட்டில் பெரிதாகி, குழாய் வழியாக வெளியே வந்தது. வந்தது மறுபடியும் மைக்கில் விழுந்தது. இன்னும் பெரிதாகி வந்தது. இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்ந்து ஒரே ஊளையாகிவிட்டது. மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். பெண்ணின் மாமா ஓடிவந்து தாவூத் பாயின் சட்டையைப் பிடித்தார்.

"ஏன்யா, நாங்க நாயனத்துக்குத்தானே செட் கேட்டோம்? ரயிலுதான் ஸ்டேஷன்லயே கத்துதே, இங்க எதுக்கு இன்னொண்ணு?"

கால் திருப்பு

வாடகை பேச வருகிறவர்கள் செட்டின் குரலைக் கேட்பதைவிட அதன் சத்தக் குமிழைத்தான் பார்ப்பார்கள். குமிழ் எவ்வளவு குறைவாகத் திரும்பியிருக்கிறதோ அவ்வளவு பலமான செட் என்பது ஊர் முடிவு. நாயுடு அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். குமிழைக் கால்வாசி திருப்புவார். லஸ் முனையில் ஜட்கா குதிரை மிரளும். "கால் திருப்புக்கே இந்தக் கதி. முக்கால் அப்படியே கீது பாருங்க" என்பார். முழுவதும் திருப்பினால் குழாய் கரகரவென்று கிழியும் என்பது கடையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு சாந்தோம் குப்பத்தில். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். தங்கை மாதா கோயில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "இவன் படிப்புக்கு ஒரு நிலையான உத்தியோகம் வரட்டும். வரலைன்னா பொண்ணுக்கு எதுக்குப் படிப்பு? மீன் கூடையை எடுக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். நான் அப்போது தற்காலிகம். எப்போது நிரந்தரம் செய்வீர்கள் என்று ஒரு நாள் பயந்து பயந்து நாயுடுவைக் கேட்டேன். அவர் பீடாவை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"மார்கழிக் கச்சேரிக்கெல்லாம் சபா நம்ம செட்டை எடுத்துக்கிச்சுன்னா நீ நிரந்தரம்டா, பி.ஏ.! எடுத்துக்கலைன்னா பொங்கலோட ஊட்டுக்குப் போய்ச் சேரு."

யார் குரல்?

சபாவின் காரியதரிசி மயிலாப்பூர் வக்கீல். எங்கள் செட்டைக் கேட்டுப் பார்ப்பதற்காக அடையாறில் நடந்த ஒரு பிரசங்கத்துக்கு வந்தார். பிரசங்கியார் நல்ல தெளிவாகப் பேசுகிறவர். ஆனால் குழாயில் 'ச' வரும் இடமெல்லாம் துணி கிழிகிற சத்தம் வந்தது. அவர் நிறுத்தும் இடமெல்லாம் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தை வால்வுகள் படிப்படியாகப் பெருக்கித் தருகின்றன. பெருக்கும்போது தங்கள் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துவிடுகின்றன. காரியதரிசி கடைசிவரை இருந்து கேட்டார். முதல் கச்சேரிக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம், மற்றது பிறகு, என்றார். போகும்போது என்னிடம் சொன்னார்:

"சத்தம் நன்னாவே கேக்கறது. பேசறது யாருன்னுதான் தெரியலை. இதுல எங்க பாகவதரைப் பாடவிட்டா, அவராத்துலயே அவரை அடையாளம் தெரியாது."

இரண்டு ஒயர்

நான் படித்த கல்லூரி நூலகத்தில் அனுமதி வாங்கி, வெளிநாட்டு ரேடியோ பத்திரிகைகளைப் புரட்டினேன். புதிதாக ஒரு முறை போட்டிருந்தது. செட்டிலிருந்து வெளியே போவதில் ஒரு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, மறுபடி நுழைவாசலுக்கே அனுப்ப வேண்டும். நுழைவாசலில் வராத எதையாவது செட் தானாகச் சேர்த்திருந்தால், அது தலைகீழாகத் திரும்பி வந்து தன்னைத் தானே பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். கிழிசலும் இரைச்சலும் அடங்கும். இதற்கு விலை, செட்டின் பெருக்கும் சக்தி வெகுவாகக் குறைவது. மாம்பலத்து ஊளையும் இப்படித் திரும்பி வருகிற சத்தம்தான். ஆனால் அது சேர்ந்துகொள்ள வருகிறது, இது எதிர்க்க வருகிறது. இதைப் போட்டாலும் மைக் ஊளையிடுவது நிற்காது. அதற்குக் குழாயைச் சரியான இடத்தில் கட்டுவது ஒன்றே வழி.

நாயுடுவிடம் கேட்டுக்கொண்டு ஒரு செட்டைப் பிரித்தேன். குழாய்க்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு ஒயர்கள். ஒன்றைத் தரைக்கும் மற்றதை ஒரு ரெசிஸ்டர் வழியாக முதல் வால்வுக்கும் கொண்டுபோக வேண்டும். எது எந்த ஒயர் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஈயத்தால் பற்ற வைத்து ஸ்விட்சைப் போட்டேன். எதிர்க்க வேண்டியது சேர்ந்துகொண்டது. மைக்கே மாட்டாத செட், கடை அலமாரிக் கண்ணாடி அதிரும்படி அலறியது. நாயுடு காபி டம்ளரோடு வெளியே போய் நின்றார். நான் ஸ்விட்சை அணைத்துவிட்டு, இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்ற வைத்தேன். இந்தத் தடவை ஓர் இரைச்சலும் இல்லை. செட் செத்துவிட்டது என்று தாவூத் பாய் நினைத்தார். மைக்கை மாட்டி, அவரையே பேசச் சொன்னேன். அவர் குரல் அவர் குரலாகவே வந்தது. மைக்கை என்னிடம் நீட்டியபடியே சொன்னார்:

"நானு மைக்கு வச்சுத்தான் நைனா கத்த வுட்டேன். நீ படிச்சவன், மைக்கே இல்லாம கத்த வுட்டுட்டியே!"

முக்கால்

நாயுடு உள்ளே வந்து வழக்கம்போல் குமிழைக் கால்வாசி திருப்பினார். சத்தம் வாசல் தாண்டவில்லை. அரை, போதவில்லை. முக்கால் திருப்பியபோதுதான் பழைய அளவுக்கு வந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. "என் செட்டுல பாதியைத் துன்னுட்டியா?" என்றார். குழாய்க்குக் கொடுக்கும் பலம் குறையவில்லை, அந்தப் பலத்தை எட்டக் குமிழை அதிகம் திருப்ப வேண்டியிருக்கிறது, அவ்வளவே என்று விளக்கினேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. "காரியதரிசி கண்ணு குமிழ் மேலேதான் இருக்கும். குமிழோட திருகாணியைத் தளர்த்தி, முக்கால் சத்தத்துக்கும் அது கால்வாசியில நிக்கிற மாதிரி மாத்தி மாட்டு" என்றார்.

நான் திருப்புளியைக் கையில் எடுத்தேன். தங்கையின் படிப்பு ஒரு திருகாணியில் இருந்தது. ஆனால் காரியதரிசி குமிழைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தால் கொஞ்ச தூரத்திலேயே முட்டி நிற்கும். அப்போது என்ன சொல்வேன்? முட்டாவிட்டாலும் என்னால் அவர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. "அவர் கேட்டால் நானே பதில் சொல்லிவிடுகிறேன், முதலாளி" என்று திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"சொல்லு, சொல்லு. அப்புறம் உங்க நைனாவுக்கும் நீயே பதில் சொல்லு."

கொட்டகையில்

முதல் கச்சேரி கீற்றுக் கொட்டகையில் நடந்தது. பாகவதர் வயதானவர், சுத்தமான குரல், சன்னமான குரல். குழாய்களை மேடைக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்துக் கட்டியிருந்தோம். ஆரம்பிக்கும் முன் காரியதரிசி வந்து குமிழைப் பார்த்தார். "என்ன ஸ்வாமி, எடுத்த எடுப்புலயே முக்கால்? பல்லவிக்குள்ள மயக்கம் போட்டுடாதோ?" என்றார். நடந்ததை உள்ளபடி சொன்னேன். அவர் தலையை ஆட்டியது சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை. நாயுடு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வர்ணம் முடிந்தது, இரண்டு கிருதிகள் முடிந்தன. தம்புராவின் நாதம்கூடத் தனியாகக் காதில் விழுந்தது. காரியதரிசி கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு, சந்தோஷமாக எங்களிடம் வந்தார். "பாகவதர் சாரீரமே கடைசிவரைக்கும் போறது! அசல் குரல். உங்க செட்டுக்கு இங்க வேலையே இல்லை போலிருக்கே. மத்த கச்சேரிகளுக்கு வேண்டாம்னே தோணறது" என்றார்.  கிழிசல் இருந்தால் செட் வேண்டாம். கிழிசல் இல்லாவிட்டாலும் செட் வேண்டாம்.  நாயுடு கையை நீட்டிக் குமிழை முழுக்க இறக்கிவிட்டார்.

மேடையில் பாகவதர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டேயிருந்தார். முன்வரிசைகள் தலையாட்டிக்கொண்டே இருந்தன. பாட்டுக் கேட்காமல் பின்பாதி முழுவதும் எழுந்துவிட்டது. "ஐயோ பாவம், தொண்டை கட்டிண்டுடுத்து!" என்றது ஒரு குரல். "யாராவது வெந்நீர் கொடுங்கோளேன்!" என்றது இன்னொன்று. மெய்யாகவே ஒருவர் கூஜாவை எடுத்துக்கொண்டு மேடைப்பக்கம் கிளம்பினார். காரியதரிசி அவரைத் தடுப்பதா, எங்களைப் பிடிப்பதா என்று தெரியாமல் நடுவில் தவித்தார். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"போடும்யா, போடும்! முக்காலோ முழுசோ, இந்த சீசன் பூரா உம்ம செட்தான். முதல்ல அந்த வெந்நீர் போய்ச் சேர்றதுக்குள்ள போடும்!"

பொங்கலுக்கு முன்பே நான் நிரந்தரம் ஆனேன். தங்கை பள்ளிக்குப் போகிறாள். அதே பாகவதர் அந்த சீசனில் மறுபடி அங்கே பாட வந்து, நாங்கள் செட் போடும் முன் சுருதி சேர்த்துப் பாடிப் பார்த்தபோது, நான் கொட்டகை நெடுக நடந்து கேட்டேன்: அவர் குரல் நடுத்தூணைத் தாண்டவில்லை, ஆகவே முதல் கச்சேரியில் அவருக்கு விழுந்த கைதட்டலில் பின்வரிசைகளின் பங்கு எங்கள் செட்டைச் சேர்ந்தது என்பதும், அதை அவரிடமிருந்து திருப்பிக் கேட்க வழியில்லை என்பதும் உறுதியாயின.