மரை கழலாத மஞ்சள் ஃபில்டர்

இன்று மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் என் வயிறு எரிந்த கதையைக் கேளுங்கள்.

வாவிக்கு மேலே மேகம் திரண்டு நின்றது. கறுப்பு வெள்ளைப் படத்தில் மேகம் எடுபட வேண்டுமென்றால் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் வேண்டும். என்னுடையது திருகிப் பூட்டுவது. மரை பிடிக்காமல் நான் திருகிக்கொண்டே நின்றேன்.

பக்கத்தில் நண்பன் செல்வம். லண்டனிலிருந்து அவனுடைய அண்ணன் கப்பலில் அனுப்பிய, ஃபில்டரைத் திருகாமல் செருகும் சட்டம் அவன் கமராவில். மஞ்சளைச் செருகினான், எடுத்தான். சிவப்பைச் செருகினான், எடுத்தான்.

“இன்னும் திருகி முடியல்லையா மச்சான்?”

இவனுக்கு ஏதாவது ஆகாதா என்று நினைத்தேன்.

ஆனது. பாலத்துக்குக் கீழே போன தோணியைப் படம் எடுக்கக் கமராவைக் கவிழ்த்தான். மறுபடி செருகியிருந்த சிவப்பு ஃபில்டர் நழுவி வாவிக்குள் விழுந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உச்சுக் கொட்டினேன்.

“போனாப் போகுது. மறுகா அண்ணன் ரெண்டு அனுப்புவார்” என்றான்.

என் சந்தோஷமும் வாவிக்குள் போனது.

ஆத்திரத்தில் என்னுடையதைக் கோணலாகத் திருகிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அது லென்ஸை விட்டு வரமாட்டேன் என்கிறது. கழற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்கு மரை கழன்றுவிட்டது என்று மட்டும் எழுதவேண்டாம். கழலாததுதான் பிரச்சினை.