டேப் ஒட்டிய பொத்தான்

என் மாப்பிள்ளை பிரஸ் மிஷினை ஓட்டினால் யானைகூடத் தகடாகிவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இரும்புப் பட்டை வரைக்கும் நிச்சயம்.

அந்த மிஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே சிக்காமலிருக்க வைத்த ஏற்பாடு. இவரோ இடது பொத்தானை அமுக்கி டேப் ஒட்டிவிட்டு, இடது கையில் போனைப் பிடித்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பார்.

"கை போச்சுன்னா உங்களுக்கு யாரு சோறு ஊட்டறது?" என்று என் மகள் கத்துவாள்.

"நீ எதுக்கு இருக்க?" என்பார்.

ஒருநாள் போன் நழுவி அச்சுக்குள் விழுந்தது. எடுக்க இடது கை பாய்ந்தது. வலது கை பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தியது. எலும்பு நொறுங்கிய சத்தம் அடுத்த ஷெட்டுக்கே கேட்டதாம். போனும் இரண்டு விரலும் ஒரே தகடாகிவிட்டன. சுவரெல்லாம் ரத்தம். "ஐயோ, என் விரலு!" என்று அலறினாராம்.

நான் இதை எழுதிப் படித்துக் காட்டியபோது, இடது கையில் மிஞ்சிய மூன்று விரலால் காதைச் சொறிந்துகொண்டே மாப்பிள்ளை திருத்தினார்: "இல்ல அத்தை. 'ஐயோ, என் போனு'ன்னுதான் கத்தினேன்."