கண்டனூரில் பிழைத்தவள்

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் காரைக்குடி வீட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. பார்க்க வந்த அத்தனை பேரும் வைத்தியர்கள்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வாயில் ஒரு மருந்து. ஒருவர் புளியைத் தொடவே கூடாது என்றார். அவர் படியிறங்குவதற்குள் இன்னொருத்தி புளியங்கொழுந்துதான் மருந்தே என்றாள். தங்களுக்குத் தலைவலி என்றால் கார் வைத்துக்கொண்டு மதுரைக்கு ஓடுகிற ஆட்கள் இவர்கள். அடுத்தவர் உடம்புக்கு மட்டும் பச்சிலை. எழுபதுகளின் தொடக்கம் அது. நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கரண்டு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். கதிர் சிகிச்சையை அப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். தோல் கறுத்து எரிந்தது, சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அத்தானுடைய மாமா ஒரு பச்சிலைப் பத்தோடு வந்து சேர்ந்தார்.

"கண்டனூர்ல ஒரு பொம்பளை இதைப் போட்டே எந்திரிச்சிட்டா. ஆனா கரண்டு வச்ச உடம்புல மருந்து பிடிக்காதாம். ஆஸ்பத்திரியை நிப்பாட்டிட்டுத்தான் போடணும்னு வைத்தியர் சொல்றாக."

"அந்தப் பொம்பளையை நீங்க பாத்தீகளா?" என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுது. நான் வேற போய்ப் பாக்கணுமாக்கும்?"

அக்கா எரிச்சலுக்குப் பயந்தாள். அத்தான் மாமாவுக்குப் பயந்தார். ஆஸ்பத்திரி நின்றது, அக்காவின் மார்பில் பத்து ஏறியது.

நான் மட்டும் மதுரைக்குப் போய் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்துகொண்டேதான் போனேன்.

"அது என்ன இலைன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் நல்லதுன்னும் சொல்ல மாட்டேன். வெந்த தோல்ல எதையும் அப்பக் கூடாது, கரண்டைப் பாதியில விடக் கூடாது. அது தெரியும். அந்தக் கண்டனூர் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, நானும் பாக்குறேன்" என்றார்.

அத்தனை பேர் பேசியதில், தெரியாது என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதனாலேயே அவரை நம்பினேன்.

அந்தப் பொம்பளையைத் தேடிக் கிளம்பினேன். கண்டனூரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த வீட்டில், "இங்க இல்லத்தா, அவ கோட்டையூரு" என்றார்கள். கோட்டையூர்க் கடைக்காரர், "அங்குட்டு ஆத்தங்குடியில கேளுங்க" என்றார். எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. வெட்கமே கிடையாதா உங்களுக்கு என்று கேட்க நாக்கு துடித்தது.

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை ஒன்றில் ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"அவ இந்த ஊரு இல்லத்தா, காரைக்குடிக்காரி. மார்ல கட்டி. மதுரையில கரண்டு வச்சு உடம்பை நாசம் பண்ணிட்டாக. அதை விட்டுட்டுப் பத்துப் போட்டா. இப்ப எந்திரிச்சு நடமாடுறாளாம்."

"யார் சொன்னாக?"

"அவ புருசனோட மாமாவே வந்து சொல்லிட்டுப் போனாக."

வீட்டுக்கு வந்தபோது நடமாடுகிற அக்கா படுத்த படுக்கையாகத்தான் கிடந்தாள். பத்துக்கு அடியில் சீழ் வைத்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொழைச்சவ நான்தானாடி?" என்று சிரித்தாள். சிரிக்கவும் வலித்தது அவளுக்கு. பிறகு வெந்நீர் கேட்டு வாங்கி, பத்தைத் தானே நனைத்து நனைத்து உரித்தாள். மாமா முன்கட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாத மனிதர் என்று அவரைக் கடந்து போனேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கூட்டிட்டு வரச் சொன்ன ஆளு இவதான்" என்றேன்.

அக்கா முந்தானையை விலக்கிக் காட்டினாள்.