நாரி நோ என்று சொன்னேன்

ஆம், பொய் சொன்னேன். என் கணவருக்கு நாரி நோ, இடுப்பு வலி என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தான். அவருடைய இடுப்பில் ஒரு குறையும் இல்லை!

பதற்றம்தான் அவருக்கு. பஸ் ஓட்டுகிற மனிதர். ஒருநாள் ஸ்காபரோவில், பஸ் நிறைய ஆட்கள் இருக்க, கை விறைத்து மூச்சு முட்டி, ஓரமாக நிறுத்திவிட்டுத் தலை கவிழ்ந்துவிட்டார். இருதயத்தில் பழுதில்லை, மனம்தான் களைத்துவிட்டது என்றார் டாக்டர். யோகாவும் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியும் பழகச் சொன்னார்.

மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தகப்பனுக்கு விசர், பைத்தியம் என்று நாலு பேர் கதைத்தால்...? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அவர் வெட்கப்படவேயில்லை. வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில், தொப்பையோடு, பிள்ளை வயதுப் பெட்டைகளுக்கு நடுவே பாய் விரித்தார். முதல் நாள் குனிந்தவர் நிமிர முடியாமல் தானே விழுந்து விழுந்து சிரித்தாராம். பனி கொட்டினாலும் போனார். காலையில் பல்கனிக் கதவருகே கண்மூடி இருக்கும்போது பயம் வந்தால் எழுந்து ஓடமாட்டார். "வந்திட்டியோ? சரி, இரு" என்று அதனோடு கதைப்பார். என்ன மனிதர்! மறுபடியும் பஸ் எடுத்தார். அந்தத் துணிவில் கால்வாசிகூட எனக்கில்லை.

"உதில என்னப்பா வெட்கம்? கேக்கிறவைக்கு உண்மையைச் சொல்லுமன்" என்பார்.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று அடக்கிவிடுவேன்.

பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில், என் ஒன்றுவிட்ட தங்கை மாலினி என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

"அக்கா, அத்தான் யோகாவுக்குப் போறது நெஞ்சுப் படபடப்புக்கோ? எனக்கும் அப்பிடி வருது. பஸ்ஸில ஏறவே பயமாக் கிடக்கு."

என்னிடம் அவள் எதிர்பார்த்தது, ஆமாம் என்கிற ஒரேயொரு "ஓம்".

"சீச்சீ! அவருக்கு நாரி நோயடி. உனக்கென்ன விசரே?" என்று சிரித்தேன். சிரித்தேனே...!

அவளும் சிரித்து வைத்தாள். பிறகு வேலையை விட்டாள். இப்போது மல்வேர்னில், வீட்டு வாசலைத் தாண்டுவதேயில்லை.

மகளின் கலியாணம் நல்லபடி முடிந்தது. விஷயம் தெரிந்த மருமகன், ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு தானும் பாய் விரிக்கிறான். இதற்காகவா அப்படிப் பயந்து செத்தேன்?

போன கிழமை மாலினிக்குப் போன் எடுத்தேன். "அத்தானோட யோகாவுக்கு ஒருக்கா வாவனடி."

"எனக்கு நாரி நோகேல்லையே அக்கா. எனக்கு வந்திருக்கிறது விசர். உதுக்கு யோகா என்ன செய்யும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால், "அண்டைக்கு ஏன் மறைச்சனீங்கள்?" என்று அவள் கேட்டுவிடுவாளே... வெளியில் குளிர், கவனம் என்று ஏதோ சொல்லிப் போனை வைத்தேன்.

பக்கத்தில் இருந்த என் கணவர் ஆவலோடு நிமிர்ந்தார். "என்னவாம்? நான் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டே?"

"அவளுக்கு விருப்பமில்லையாம்" என்றேன்.