இருபத்தேழு யன்னல் மாளிகை

பழைய மாளிகையில் பூச்சுச் சுரண்டுகிறவனுக்கு மூக்கு நிறையத் தூசி, தோள் நிறைய நோ. கிடைத்த வேலையைப் பிடித்துத் தொங்கிய என் சக பாவிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

நீலப் பூச்சு

எண்பத்தைந்தில், டென்மார்க்கில் வைலே நகருக்குப் பக்கத்தில் மூன்று மாத வேலை. நன்றாகச் செய்தால் தொடரும். இல்லாவிட்டால் அகதி முகாமில் இருந்து மழை பார்க்க வேண்டியதுதான். பிரான்சுக்குப் போய்வந்த பிரபு ஒருவர், அங்கே கண்டதைப் போலவே கோபுரத்தோடு கட்டிய மாளிகை. பின்னால் வந்தவர்கள் அதில் உருளைக்கிழங்கு அடுக்கினார்கள். இப்போது பழையபடி ஆக்குகிறார்கள்.

முதல் யன்னலில் ஐந்து பூச்சு இருந்தது. கடைசி நீலத்தையும் விடாமல் சுரண்டி, மரம் மின்னக் காட்டினேன். மேஸ்திரி யென்ஸ் தலையில் கைவைத்தார்.

“பிரபு காலத்து அந்த நீலத்தைத்தான் ஒரு மாதமாகத் தேடுகிறோம்!”

ஒற்றைப்படை

அதற்குப் பிறகு பயந்து பயந்து சுரண்டினேன். யன்னல்களை எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு. எங்கள் ஊரில் வீட்டுக்கு யன்னல் ஒற்றைப்படையில் வைப்பார்களா? கூட வேலை செய்த தேவன் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஞாயிறு தவறாமல் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவர்.

“தம்பி, கர்த்தர் யன்னல் எண்ணுறேல்லை. பேசாமல் சுரண்டு.”

வெளியே ஒன்று கூட

மனம் கேட்கவில்லை. கோப்பி நேரத்தில் சேற்றுக்குள் மாளிகையைச் சுற்றி வந்தேன். வெளியே இருபத்தெட்டு! கோபுரத்தடியில், கொடி மூடிய ஒரு யன்னல். உள்ளே அந்த இடத்தில் வெறும் சுவர்.

பிரபு கட்டியதாகக் கேள்விப்பட்ட சுழல் படிக்கட்டை வரைபடங்களில் தேடிக் காணாமல் எல்லாரும் களைத்திருந்த நேரம் அது. மேலே ஏற வேறு வழியில்லாததால், அடுத்த கிழமை சித்திரக் கூரையை உடைத்துக் கொங்கிறீட் படி வைக்கப் போகிறார்கள். என் மூன்று மாதமும் அதோடு முடிகிறது. யென்ஸிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு தானே போய் எண்ணிவிட்டு, சிரிக்காமல் திரும்பி வந்தார்.

“உளியைக் கொண்டு வா.”

சுவருக்குப் பின்னால்

பத்துக் கல் கழற்றினோம். டோர்ச் வெளிச்சத்தில் கல் படிகள் சுழன்று சுழன்று மேலே போயின. ஒரு படிகூட உடையவில்லை. தேவன் அண்ணை “அல்லேலூயா!” என்று கத்த, நான் “முருகா!” என்று கத்தினேன். அவ்வளவு சந்தோஷம் இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்கு வந்ததில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யென்ஸ் கேட்டார். அரைகுறை டெனிஷில் ஒற்றைப்படை விஷயத்தைச் சொன்னேன். அவர் உளியைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“திங்கட்கிழமையும் வா. அடுத்த மாளிகையிலும் நீதான் எண்ண வேண்டும்.”

படித்தவர்கள் வரைபடத்தில் தேடிக் களைத்ததை என் மூடநம்பிக்கை ஒரு கோப்பி நேரத்தில் கண்டுபிடித்தது. பகுத்தறிவாளர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.