காரணத்தை ஒரு வரியில் எழுதவும்

என் கணவருக்குக் கம்பியூட்டர் தெரியாது. தட்டச்சு தெரியும். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸில் கிளாக்கராக இருந்தார். கடுதாசியில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் அடிப்பார்; சொந்தமாக ஒரு எழுத்துச் சேர்க்க மாட்டார். அந்தக் குணம் எனக்கு எப்போதும் எரிச்சல்.

நான் பதுளையில் ஒரு சின்னக் கம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருஷங்கள் அவை. வகுப்பின் மூலையில் யாரும் சீண்டாத பழைய மெஷின் ஒன்றில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். அதில் தமிழ் தெரிய வேண்டும், தமிழில் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட சிலர் கனடாவிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். எழுத்துரு ஒருவர், விசைப்பலகை ஒருவர், சொல்திருத்தி ஒருவர் என்று ஆளுக்கொரு துண்டு செய்தார்கள். இந்தத் துண்டுகளைக் கட்டி, மெஷினில் ஓடுகிற பொதியாக்க ஒரு பொதுக் கோப்பு வேண்டும். எது முதலில், எது பிறகு, எந்தக் கருவியால் கட்டுவது, கட்டியது எங்கே போய் உட்கார வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். எல்லார் துண்டும் அந்த ஒன்றைத்தான் படிக்கும். அதில் ஒரு வரி பிசகினால் எந்த நாட்டிலும் எதுவும் ஓடாது. அந்தக் கோப்பு என் பொறுப்பில் இருந்தது. சம்பளம் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கிடையாது.

மற்றவர்களும் அதைத் தொடலாம். ஆனால் தொட மாட்டார்கள். "நீங்கள்தான் பாக்கவேணும் அக்கா, நான் கை வைச்சா உடைஞ்சு போகும்" என்று கனடாத் தம்பி எழுதுவார். சரி, இவர்களும் பழகட்டும் என்று, கோப்பை மாற்றிக் கட்டும் முறையைப் பற்றிப் பராமரிப்பவருக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். மாற்றுகிறவர், கோப்போடு இருக்கும் மாற்றப் பதிவின் கடைசியில் தன் பெயரை எழுத வேண்டும். ஏன் மாற்றினார் என்பதை ஒரு வரியில், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். எழுதியதை ஒருவரும் அழிக்கக்கூடாது; பிழையென்றால் அடுத்த வரியில் திருத்த வேண்டும். எழுதி முடித்தபோது எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. இருந்தும் வாரம் தவறாமல் கேள்விகள் வந்தன.

கல்யாணத்துக்குப் பிறகு தோட்டத்துக் குவாட்டர்ஸில் குடியிருந்துகொண்டு பதுளைக்குப் போய்வந்தேன். முதல் பிள்ளை தங்கியபோது சந்தோஷத்தில் ஊர் முழுக்கச் சொன்னேன். கனடாவுக்கும் சென்னைக்கும்கூட எழுதினேன். அது நிலைக்கவில்லை. அதன் பிறகு விசாரித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளை போனதைவிட அதைச் சொல்லித் திரிந்ததுதான் என்னை அதிகம் வதைத்தது.

அதனால் இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கொஞ்சம் இரத்தம் பட்டதைச் சொன்னதும், "இனிப் பஸ்ஸிலை ஏறக்கூடாது பிள்ளை. அந்தக் கல்லு ரோட்டாலை போகவே வேண்டாம். பேசாமல் படுத்திருக்க வேணும்" என்றார்.

படுத்தேன். படுத்த கொஞ்ச நாளில், வகுப்பில் அச்செடுத்து அனுப்பிய கடிதமாக வந்து சேர்ந்தது தலைவலி. எங்கள் துண்டுகளையும் லினக்ஸோடு சேர்த்து வெளியிடுகிறவர்கள் கட்டும் கருவியை மாற்றியிருந்தார்கள். பொதுக் கோப்பை அதற்கேற்ப மாற்றாவிட்டால் அந்த வெளியீட்டில் தமிழ் இருக்காது. ஓடாததைச் சேர்க்க மாட்டார்கள், அது நியாயம்தான். மாற்ற வேண்டியது சில வரிகள். ஆனால் மெஷின் பதுளையில். ஒரே ஒரு தடவை போய்வந்தால் என்ன என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது.

"வேற யார்கிட்டயாவது சொல்லேன்" என்றார் அவர்.

"ஏன் நீங்க பாக்கலன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது?"

"அப்ப எழுதிக் குடு. நான் போயிட்டு வாறேன்."

"நீங்களா? அந்த மெஷினுக்குச் சுவிச்சு எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"அதையும் எழுது."

என் குறிப்பைத்தான் கொடுத்தேன், மேலே சுவிச்சையும் மாற்ற வேண்டிய வரிகளையும் சேர்த்து எழுதி. சனிக்கிழமை போனவர் பொழுது சாயத் திரும்பினார், முகத்தில் ஒன்றும் இல்லாமல்.

"பாதியிலயே நின்னுட்டேன். வழக்கம்போல் தொகுக்கவும்னு போட்டிருக்கே. யாரு வழக்கம்? எனக்கு அதுல என்னா வழக்கம் இருக்கு?"

"பக்கத்துல யாரையாவது கேக்குறதுக்கென்ன?"

"கேட்டேன். டீச்சர் வந்தாத்தான் அந்த மெஷினத் தொடுவாங்களாம்."

எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அப்போதுதான் கீழ்க் குவாட்டர்ஸ் அம்மாவின் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் காலையில் குழாயைத் திறந்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவர் மேலேறி வந்து சத்தம் போட்டார். ஒரே குழாய், காலையில் மேல் வீட்டார் மூடி வைத்தால்தான் கீழே தண்ணீர் போகுமாம். "இது இங்க வழக்கம்தானேங்க, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்கு யார் சொன்னார்கள்? வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நானே அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்கக் குறிப்பைத் திருத்தினோம். தேடத் தேட 'வழக்கம்போல' என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. நான் படுத்தபடி சொல்வேன், அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு எழுதுவார், எழுதிவிட்டு ஆபீஸ் கடிதம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகக் கிண்டுவார்.

"இத அடிச்சப்பறம் அது ஒன்னுஞ் சொல்லலன்னா?"

"சொல்லலன்னா சரின்னு அர்த்தம்."

"அப்ப அதையும் எழுதணும். வீட்ல நீ ஒன்னுஞ் சொல்லாம இருந்தா சரின்னா அர்த்தம்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதச் சொன்னேன். என் குறிப்பு நல்ல குறிப்பானது அந்த வாரம்தான்.

அடுத்த சனிக்கிழமைதான் வெளியீட்டுக்கு முன் எங்களுக்கிருந்த கடைசிச் சனிக்கிழமை. மழை கொட்டியது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, இப்போது சுவிச்சைப் போட்டிருப்பார், இப்போது முதல் வரியை அடித்திருப்பார் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு கிடந்தேன். இருட்டியதும் தொப்பலாக நனைந்து வந்து நின்றார்.

"ஓடிருச்சு. புதுக் குறிப்பையும் அடிச்சு, சேத்து அனுப்பி வச்சிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலை துவட்டத் துவாயைக் கொடுத்தேன். துவட்டிக்கொண்டே, "பேரும் எழுதிட்டேன்" என்றார்.

"யாரு பேரு?"

"என் பேருதான். மாத்துனவர் எழுதணும்னு போட்டிருக்கே."

அதற்கும் சிரித்தேன். காரணமாக என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். தோட்டத்து ஆபீஸ் இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதன் பொருள் இதுதான்: வழக்கமாகச் செய்பவர் கர்ப்பமாகிப் படுக்கையில் இருப்பதால், அவருடைய கணவனாகிய நான் இதைச் செய்தேன் என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.

"ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க. உலகத்துக்கே தண்டோரா போட்டுட்டீங்களே."

"உள்ளத உள்ளபடி எழுதச் சொன்னது நீதானே."

அடுத்த வாரமே போய் அழிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அழிக்கக்கூடாது என்று எழுதியவளும் நான்தான். பிழையென்றால் அடுத்த வரியில் திருத்த வேண்டும். பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த அடுத்த வரியை நான்தானே எழுத வேண்டும்? பெயரைப் போட்டு, ஒரு வரியில், உள்ளதை உள்ளபடி. எனக்கு அது ஒரே பயமாகிவிட்டது. வயிறு கொஞ்சம் இழுத்தாலும் அந்த வரிதான் கண்ணுக்குள் வந்து நிற்கும். அவரோடு சில நாள் பேசவே இல்லை.

வெளியீடு வந்தது. அதில் தமிழ் இருந்தது. அவர் பதுளைக்குப் போகும்போதெல்லாம் என் கடிதப்பெட்டியைத் திறந்து வந்ததை அச்செடுத்து வரச் சொல்வேன். குழுவிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு கேள்வி இல்லை, ஒரு வாழ்த்து இல்லை, ஒரு விசாரிப்புக்கூட இல்லை. புதுக் குறிப்புக் கையில் இருக்கிறது, இனி நான் எதற்கு அவர்களுக்கு என்று நினைத்தேன். குறிப்பு சரியாக இருந்தால் கேள்வி வராது என்று வகுப்பில் படிப்பித்தவள்தான் நான். இருந்தாலும் மனசு கசந்தது.

பெண் பிள்ளை பிறந்தாள், பதுளை ஆஸ்பத்திரியில், நல்ல குரலோடு. தலை நின்ற பிறகு ஒரு நாள் மூன்று பேருமாக வகுப்புக்குப் போனோம். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் மாற்றப் பதிவைத் திறந்தேன்.

அவருடைய தாழ்மையான வரி அங்கே அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு மற்றவர்கள் எத்தனையோ மாற்றங்கள் செய்திருந்தார்கள். கருவி மாறியது, எழுத்துரு மாறியது, எல்லாம் குறிப்பைப் பார்த்தே செய்திருந்தார்கள். ஆனால் அவருடைய வரிக்கு அடுத்த வரியில் ஒருவரும் மாற்றம் எதையும் எழுதவில்லை. அங்கே கனடாத் தம்பி ஒன்று குறித்து வைத்திருந்தார்.

"இந்த வரி அக்காவுக்கு. ஒருத்தரும் இதிலை எழுத வேண்டாம். அக்காவிட்டை ஒண்டும் கேக்கவும் வேண்டாம்."

அதை மறுபடி மறுபடி படித்தேன்.

"என்னா ஆச்சு? ஓடலயா?" என்றார் அவர்.

"ஓடுது."

தம்பியின் குறிப்புக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில், பெண் பிள்ளை, இருவரும் நலம் என்று அடித்தேன். அவர் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"நீ ஒன்னும் மாத்தலயே. மாத்துனவர்தான் எழுதணும்னு போட்டிருக்கு."

"பிள்ளைய இப்புடிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன்.