ஏணிக்குப் பக்கத்தில் காந்தம்

என் கணவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பியபோது டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: பெரிய காந்தம் எதையும் நெஞ்சோடு அணைக்கக் கூடாது, ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். அந்த ஒரு சாணை அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடும் அந்த மகராசன், ஒரு வீட்டளவுக்கு இழுத்துவிட்டார்.

தாராவியில் எங்கள் வீடு மாடியில் ஒரே அறை. கீழே அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய ஸ்பீக்கர் பட்டறை. பட்டறைக்குள் நுழைந்து, மூலையில் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணியில் ஏறித்தான் மேலே போக வேண்டும், வேறு வழி கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பிய அன்று அந்த ஏணியின் இரு பக்கமும் நெஞ்சு உயரத்துக்குக் கறுப்பு வளையங்கள் அடுக்கியிருந்தன. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்குமே, அந்தக் காந்த வளையங்கள். உரசாமல் ஏற முடியாது.

"என்ன அத்தான் இது, காந்தத்த இங்கயா அடுக்குவாங்க?" என்றேன்.

"வேற எங்க எடம் இருக்கு? கணபதி பண்டிகை சீசன், சரக்கு மால் வந்து குமிஞ்சு கெடக்கு. தம்பிய கொஞ்ச நாள் சுனாபட்டில ஒங்க அண்ணன் வீட்டுல வச்சுக்கோ. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பழி எந்தலையிலல்லா விழும்."

என்ன ஒரு அக்கறை! அவர் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல் அறைமேல் அவருக்கு ஒரு கண் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் பேஸ்மேக்கர் விஷயத்தில் யார் துணிந்து விளையாடுவது? உள்ளே போகக் கால் வைத்த கணவரை நானே கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

சுனாபட்டியில் என் அண்ணி வாயால் ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரங்களால் சொன்னாள். என் கணவர் டிவி முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சண்டை போடுவது என் வேலையாயிற்று. இரண்டு பஸ் மாறிப் போய்க் கத்திவிட்டு வருவேன். அத்தான் சாலிடரிங் புகையிலிருந்து தலையைத் தூக்காமல், "சீசன் முடியட்டும்" என்பார்.

சீசனும் முடிந்தது. அடுக்கு அப்படியே இருந்தது. அன்று எனக்கு வந்த கோபத்தில் அதை எட்டி ஓர் உதை விட்டேன்.

சரிந்தது. வளையங்கள் தனித்தனியாக உருண்டு ஓடின. ஒன்று இரும்பு ஏணியை இடித்துக்கொண்டு போய் விழுந்து, சாப்பாட்டுத் தட்டு மாதிரி மூன்றாக உடைந்தது. ஒன்றுகூட ஏணியில் ஒட்டவில்லை. சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி உடைந்த துண்டு ஒன்றில் வைத்துப் பார்த்தேன். ஊக்கு வழுக்கி விழுந்தது.

அந்த வளையம் உலோகமே இல்லை. துருப்பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்ட பீங்கான். ஸ்பீக்கரில் ஒட்டிய பிறகு மெஷினில் வைத்து மின்சாரம் கொடுத்தால்தான் காந்தமாகும். அதுவரைக்கும் பட்டறையில் அதைப் 'பச்சை' என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கிற சொல். என்னிடம் பேசும்போது மட்டும் அத்தான் ஒருநாளும் 'பச்சை' என்றதில்லை, காந்தம், காந்தம் என்றே சொல்லிவந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

சுனாபட்டிக்கு ஓடினேன். "அத்தனையும் பச்சைங்க! காந்தமே இல்ல! கெளம்புங்க, வீட்டுக்குப் போவோம்."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "தெரியும்ட்டி."

"எப்போ தெரியும்?"

"மொத நாளே. சார்ஜ் ஏத்துன மாலு ஏணியில போயி கவ்விக்கிடாதா? பாத்தாலே தெரியுமே."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"அண்ணன மொகத்துக்கு நேரே பொய்யன்னு எப்படிச் சொல்லச் சொல்லுத? அவனுக்கும் எடம் வேணும்லா."

அத்தான்மேல் இருந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் பயந்து நடுங்கியதை, அண்ணியின் பாத்திரச் சத்தத்தை விழுங்கியதை, ஊரெல்லாம் சண்டைக்காரி என்று பேர் வாங்கியதை, எல்லாம் தெரிந்த இந்த மனிதர் டிவி பார்த்தபடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

என் துணிகளை மட்டும் பைக்குள் திணித்துக்கொண்டு தாராவிக்கு வந்தேன். அத்தான் உடைந்த துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி வரலியா?"

"வீடு எனக்குத்தான் வேணும் அத்தான். அவருக்கு வேண்டாமாம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.